தண்ணீர்மலையும் லோங்காங்கும்: பினாங்கு ஆற்றின் இரு பெயர்கள்



மொழியியல் படித்தவர்க்கு ஆற்று மாசில் என்ன வேலை என்று இவ்வுரையின் தலைப்பைக் கண்டவுடன் சிலர் எண்ணியிருக்கலாம். அவ்வையம் நியாயமானதே. ஆகவே நாம் இப்பொருளுக்கு வந்த வழியை முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இடப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் திரட்டும் பணிக்காக மாணவர் சிலரை ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். யோர்க் சாலைக்கு அருகே, டோபி காட் என்று வழங்கும் பகுதி அது. பாலத்தின்மேல் நின்றபடி, கீழே ஓடுவதன் பெயர் என்ன என்று கேட்டோம். இடைநிலைப்பள்ளி மாணவன் ஒருவன் சிறிதும் தயங்காமல், "லோங்காங், ஐயா" என்றான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதுதான் விடை.

லோங்காங் என்பது மலாயிலிருந்து நம் பேச்சுத்தமிழில் வந்து கலந்த சொல். வீட்டோரச் சாக்கடையையும் சாலையோர வடிகாலையும் மலேசியத் தமிழர் அச்சொல்லாலேயே குறிப்பர். அம்மாணவன் கண்டதைத்தான் கூறினான்: இருபுறமும் சிமெந்துக் கரை, நடுவே கருமையான நீர், ஒதுங்கிக் கிடக்கும் நெகிழிப்பைகள். ஆயினும் அந்த நீர் புறப்பட்ட இடத்துக்கு மேற்கே ஏறிச் சென்றால் குடிநீருக்காகக் கட்டப்பெற்ற அணை நிற்கிறது. மலையில் குடிநீர் என்றும் நகரில் லோங்காங் என்றும் ஒரே ஆறு எவ்வாறு இரு பெயர் பெற்றது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் செய்தி. இதன் விடையில் ஒரு பகுதி வரலாற்றில் உள்ளது. மற்றொரு பகுதி கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகளில் உள்ளது.

ஆற்றின் கிளைகளும் பெயர்களும்

பினாங்குத் தீவின் நடுவே ஓங்கி நிற்கும் மலைத்தொடரைத் தமிழர் கொடிமலை என்பர். மலாயிலும் அதே பொருளில் புக்கிட் பெண்டேரா என்று வழங்குகிறது. அதன் கிழக்குச் சரிவில் பெய்யும் மழையின் பெரும்பகுதி இரு ஓடைகளாகத் திரண்டு நகரை நோக்கி இறங்குகிறது. வடக்கே இருப்பது சுங்கை ஆயர் தெர்ஜூன். ஆயர் என்றால் நீர், தெர்ஜூன் என்றால் வீழ்தல். எனவே அருவியாறு எனலாம். தெற்கே இருப்பது சுங்கை ஆயர் ஈத்தாம், அதாவது கருநீராறு. டொண்டாங் என்னும் சிற்றாறு இதில் வந்து சேர்கிறது. இவை நகருக்குள் கூடிப் பினாங்கு ஆறு என்னும் பெயர் பெற்று, ஜெலுத்தோங் ஆற்றையும் ஏற்றுக்கொண்டு, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணையில் கலக்கின்றன. ஆற்றுப்படுகை முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்தான். காவிரியையும் வைகையையும் பாடநூலில் படித்த நம் மாணவர்க்கு இது ஓடையாகத் தோன்றலாம். எனினும் நாட்டின் மிக நெருக்கமான நகரப்பகுதிகளுள் ஒன்று இச்சிறு படுகையின்மேல் அமர்ந்திருக்கிறது.

பினாங் என்பது பாக்கு மரம். ஆற்றுக்கும் தீவுக்கும் அதே பெயர். ஆயர் ஈத்தாம் என்னும் பெயரைக் கேட்டவுடன், அன்றே கழிவுநீர்தான் ஓடியதோ என்று மாணவர் கேட்பதுண்டு. இன்றைய கருமையைப் பழம்பெயரில் ஏற்றிப் பார்ப்பது பிழை. நகரம் பெருகுவதற்கு முன்பே அப்பெயர் வழக்கில் இருந்தது. மலேசியாவின் பிற பகுதிகளிலும் ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்கள் உள்ளன.

அருவியாற்றுப் பக்கத்துக்கு நம்மவர் இட்ட பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்தன்று நகரத்திலிருந்து புறப்படும் இரதமும் காவடிகளும் சென்றடையும் இடம் அது. பாலதண்டாயுதபாணி ஆலயம் அம்மலைமீது உள்ளது. ஆங்கிலேயர் அப்பகுதிச் சாலைக்கு அருவிச்சாலை என்று பெயரிட்டனர், மலாயர் அருவியையே சொன்னார்கள், தமிழரோ மலையையே தண்ணீரால் அழைத்தனர். மூன்று மொழியினரும் அங்கே முதலில் கண்டது நீரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நகரம் ஆற்றைப் பிளந்தது

1786-இல் பிரான்சிஸ் லைட் தீவின் வடகிழக்கு முனையில் குடியேற்றத்தை நிறுவியபோது, அம்முனை தாழ்ந்த சதுப்பு நிலம். கிணறுகள் தோண்டினர். மக்கள் பெருகினர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கும் நல்ல நீர் வேண்டியிருந்தது. 1804-ஆம் ஆண்டளவில், அருவியின் நீரைச் செங்கல் கால்வாய் வழியாக நகருக்குக் கொண்டுவந்தனர். மலேசியாவின் குடிநீர் வழங்கல் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் தொடங்கும் ஆண்டு இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ப்பிரும்புக் குழாய்கள் வந்தன. 1929-இல் கில்லமார்ட் நீர்த்தேக்கமும் 1962-இல் ஆயர் ஈத்தாம் அணையும் எழுந்தன. இரு கிளைகளின் தலைப்பிலும் நல்ல நீர் மலையிலேயே பிடிக்கப்பட்டது.

இதே காலத்தில் கீழே வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. சதுப்பை வடிக்கவும் நகரின் தென் எல்லையை வரையறுக்கவும் பிராங்கின் கால்வாய் வெட்டப்பட்டது. தெருவோர வடிகால்கள் அதிலும் ஆற்றிலும் திறந்தன. இத்தகைய பொதுப்பணிகளுக்கு இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பைக் கம்பெனி அரசு பயன்படுத்தியது என்பதையும் இங்குக் குறித்துச் செல்கிறோம். அவர்களைப் பற்றித் தனியே ஓர் உரை தேவை.

மேலே நீரை எடுத்தல், கீழே கழிவை விடுதல் என்னும் இவ்விரு செயல்களும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றவை. ஆனால் இரண்டும் ஓர் ஆற்றின்மேல் நிகழ்ந்தன. மலையில் பிடித்த ஒவ்வொரு குடம் நீரும் கீழே ஓடாத நீர். கழிவோ குறையவில்லை. நீர் குறைந்து கழிவு கூடிய ஆற்றுக்கு ஒரு நூற்றாண்டில் என்ன நேரும் என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

தமிழகத்து மாணவர்க்கு இதே கதையைக் கூவத்தில் காட்டலாம். கூவத்தின் மேற்பகுதி நீர் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. அவ்வேரி சென்னைக்குக் குடிநீர் தருவது. நகருக்குள் வரும் கூவத்துக்கு மழைக்காலம் தவிர்ந்த நாள்களில் நகரமே தன் கழிவால் நீர் வார்க்கிறது. கூவம் நாறுகிறது என்று கூறுவோரிற் பலர் கூவத்தின் பங்கையும் சேர்த்தே குடித்து வளர்ந்தவர்கள். பினாங்கில் நாம் அதைக்கூடச் சொல்ல இயலாது. இன்று மாநிலத்தின் நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெருநிலத்துச் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்படுகிறது. தீவின் பங்கு கடலடிக் குழாய் வழியே வந்து சேர்கிறது. தன் ஆற்றை அண்டி வாழவேண்டிய தேவையே நகருக்கு இல்லாது போயிற்று.

வடிகால் பற்றிய பேச்சுக்கு நம் இலக்கியம் புதிதன்று. அங்கணம் என்னும் சொல் திருக்குறளில் உண்டு. சுருங்கை, தூம்பு என்பன நிலத்தடி நீர்வழிகளைக் குறித்தன. மணிமேகலை வஞ்சிமாநகரின் அகழியை வருணிக்குமிடத்தில், மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய மணநீர் சுருங்கைத் தூம்பின் வழியே வந்து அகழியில் கலப்பதைக் காட்டுகிறது. குளியலறை நீர் நீர்நிலையில் கலப்பது அங்கே நகரின் வளத்துக்கு அடையாளம். புலவரைக் குறைகூற நாம் வரவில்லை. வீட்டிலிருந்து வெளியேறிய நீர் எங்கோ ஓரிடத்தில் தங்கும் என்று அவர் கண்டு எழுதியிருக்கிறார். நம் காலத்து நகரத்தார் பலர் அதைக் காண்பதில்லை.

துறை இழந்த தொழில்

டோபி காட் என்பது இந்துஸ்தானிச் சொற்றொடர். அதை ஆங்கில எழுத்தில் எழுதி, மலேசியச் சாலையில் நிறுத்தி, அங்கு வாழ்ந்த தமிழ்ச் சலவைத் தொழிலாளரையும் அப்பெயராலேயே அடையாளம் கண்டனர். சிங்கப்பூரில் அதே பெயரை இன்று ஒரு தொடருந்து நிலையம் தாங்கி நிற்கிறது. தமிழில் அதற்கு நேரான சொல் வண்ணார்துறை. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். நீராடும் துறை, நீருண் துறை, தோணித்துறை எனத் தொழில்தோறும் துறை இருந்தது. பின்னர் அச்சொல் கல்வியின் பிரிவுக்கும் அரசு அலுவலகத்துக்கும் விரிந்தது. இன்று ஆற்றைப் பற்றி முறையிடச் சுற்றுச்சூழல் துறைக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் செல்கிறோம்.

அன்று நாம் சந்தித்த முதியவர் ஒருவர், தம் தந்தையார் காலத்திலிருந்து அங்கேயே சலவை செய்தவர், தொழிற்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். உவர்மண், வெள்ளாவி, துறைக்கல், கஞ்சி, நீலம், குறி. துணியில் இடும் குறிக்குச் சேங்கொட்டையின் சாற்றைப் பயன்படுத்தியதையும், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அக்குறி அழியாததையும் விளக்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எழுத்தறியாதவரும் பிழையின்றிப் படித்த எழுத்துமுறை அது. எழுத்தியல் பயிலும் மாணவர் எவரேனும் இதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டால் மகிழ்வோம்.

ஆற்றில் வெளுப்பதை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். ஆண்டு அவர் நினைவில் இல்லை. "மொதல்ல வெள்ளத்துணி மஞ்சளாச்சு, ஐயா. அப்புறம் காஞ்ச துணியிலயும் வாடை வந்துச்சு. வீட்டுக்காரங்க திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதோட குழாத் தண்ணிக்கு மாறிட்டோம்" என்றார். குழாய் நீருக்குக் கட்டணம் உண்டு. ஆற்று நீருக்கு இல்லை. ஆறு கெட்டதன் விலையை முதலில் தம் கையிலிருந்து கொடுத்தவர்கள் அதன் கரையில் தொழில் செய்தவர்களே. எந்தக் கணக்கேட்டிலும் அத்தொகை ஏறவில்லை.

விடைபெறுமுன் அவர் கூறிய மற்றொன்றையும் சொல்லிவிடவேண்டும். மலைமேல் அணை கட்டிய பிறகு வறட்சிக்காலத்தில் தண்ணீர் 'நடக்காமல்' நின்றுவிடுகிறது என்றார். ஓடாத நீரைத் தேங்கு நீர் என்று நாம் எழுதுவோம். நடக்காத தண்ணீர் என்னும் வழக்கை அன்றுதான் கேட்டோம். நீரியல் வல்லுநர் அடிப்படை ஓட்டம் என்று குறிப்பதன் குறைவைத்தான் அவர் தம் சொல்லில் கூறினார்.

கண்ணுக்குப் புலனாகா எண்ணிக்கை

நிறமும் நாற்றமும் மாசின் வெளித்தோற்றம். நோயைத் தருவன பெரும்பாலும் அவையல்ல. இதை மனிதகுலம் அறிந்துகொண்டது அண்மையில்தான். 1854-இல் இலண்டனில் ஜான் சினோ என்னும் மருத்துவர், பிராட் தெருவின் நீரேற்றி ஒன்றைச் சூழ்ந்தே வாந்திபேதி பரவியதைக் காட்டினார். அக்காலத்து மருத்துவர் பலர் நாற்றமே நோய்க்குக் காரணம் என்று நம்பினர். சினோவின் முடிவை உடனே ஏற்கவில்லை. 1884-இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில், மக்கள் புழங்கிய குளத்து நீரில் காற்புள்ளி வடிவிலான வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டே தியோடர் எஷரிக் என்னும் செருமானியக் குழந்தை மருத்துவர், மனிதப் பெருங்குடலில் வாழும் கோல்வடிவ நுண்ணுயிரி ஒன்றை விவரித்தார். இன்று அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலி என வழங்குவது அது. பெருங்குடலைக் குறிக்கும் சொல்லே கோலி.

கிருமி என்னும் வடசொல்லுக்குப் புழு என்றே பொருள். காணக்கூடிய புழுவைக் குறித்த சொல்லைக் காணவியலா உயிருக்கு மாற்றிக்கொண்டோம். பாக்டீரியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சிறுகோல் என்பது பொருள். நுண்ணுயிரி என்னும் நம் ஆக்கம் இவ்விரண்டினும் தெளிவானது. பாடநூலில் அதையே பயில்வது நன்று. ஆனால் பாக்டீரியா என்று எழுதும் மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்கவேண்டா.

ஆற்று நீரில் நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் தேடுவது பெரும்பாடு. ஆகவே குடலில் மிகுதியாக வாழும் கோலிபார்ம் இனங்களைச் சுட்டுயிரியாகக் கொள்கின்றனர். அவை நீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்திருந்தால் டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, மஞ்சட்காமாலை முதலியவற்றின் கிருமிகளும் வரக்கூடும். முறை எளிது. 100 மில்லிலிட்டர் நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடித்து, அத்தாளை ஊட்டத்தட்டில் வைத்து, 44.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் வைத்திருந்தால், ஒவ்வோர் உயிரியும் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகும். புள்ளிகளை எண்ணவேண்டியதுதான். மாசு மிக்க ஆறாயின் நீரை ஆயிரம் மடங்கு நீர்த்தே வடிக்கவேண்டும். இல்லையேல் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணவியலாது போகும்.

இவ்வெண்களின் அளவை மாணவர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. மலேசியாவின் தேசிய நீர்த்தர வரையறையில், குளித்தல் போன்று உடல் படும் பயன்பாட்டுக்குரிய இரண்டாம் வகுப்பின் ஆ பிரிவுக்கு மலக்கோலிபார்ம் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 400. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவுநீரில் அதே அளவில் 1 கோடி வரை இருக்கலாம். ஒரு குவளைக் கழிவுநீரை, உயிரி ஒன்றுமில்லாத தூய நீரால் 400 என்னும் அளவுக்கு இறக்க வேண்டுமாயின் 25,000 குவளை நீர் தேவை. மலைநீரைக் குழாயில் எடுத்துக்கொண்ட நகரம் அந்த 25,000 குவளைக்கு எங்கே போகும்?

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்னும் நம்பிக்கை நம்மிடம் ஆழ வேரூன்றியது. அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கதிரொளியில் நுண்ணுயிரிகள் மடிகின்றன. 1896-இல் எர்னஸ்ட் ஹான்கின் என்பார் கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமிகள் விரைந்து அழிவதையும், கொதிக்கவைத்த நீரில் அவ்வாற்றல் இல்லாததையும் கண்டு எழுதினார். பாக்டீரியாவைத் தின்னும் வைரசுகளே அதற்குக் காரணமாகலாம் எனப் பிற்காலத்தார் கருதினர். ஆயினும் கங்கைக்குப் பொருந்திய அளவு சில கிலோமீட்டரே ஓடிக் கடலில் விழும் பினாங்கு ஆற்றுக்குப் பொருந்தாது. மேலும், இதன் கழிமுகப் பகுதியில் கடலேற்றம் ஆற்று நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வந்த கழிவு வெளியேறுமுன் மறுபடி உள்ளே வருகிறது.

தூய்மை என்னும் சொல்

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் 1970களிலேயே ஆற்று மாசைப் பொதுப்பேச்சாக்கியது. பெருநிலத்துக் கோலா ஜூரு மீனவர்களின் துயரை அது நாடறியச் செய்ததை மூத்தோர் நினைவுகூர்வர். பினாங்கு ஆறு நீண்டகாலம் நாட்டின் மிக மாசடைந்த ஆறுகளுள் ஒன்றாக, தரவரிசையில் ஆகக் கடைசியான ஐந்தாம் வகுப்பில் வைத்துப் பேசப்பட்டது. பின்னர் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன, கழிவுநீர்க் குழாய்கள் விரிந்தன, தூர் வாரினர். தரம் உயர்ந்ததாக அறிவிப்புகள் வந்தன. உயர்ந்தது உண்மையே. ஆயினும் எது உயர்ந்தது என்று கேட்கவேண்டும்.

மலேசியாவின் நீர்த்தரக் குறியெண் ஆறு அளவைகளைக் கூட்டிப் பெறுவது. கரைந்த ஆக்சிஜனுக்கு 22 விழுக்காடு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு 19, வேதி ஆக்சிஜன் தேவைக்கு 16, மிதக்கும் திண்மங்களுக்கு 16, அம்மோனியா நைட்ரஜனுக்கு 15, அமில காரத் தன்மைக்கு 12 என எடை தரப்படுகிறது. கூட்டுத்தொகை 81-ஐ எட்டினால் அவ்வாறு 'தூயது' எனப்படும். இவ்வாறில் நுண்ணுயிரி எண்ணிக்கை இல்லை. 2009-ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைகளும் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீருக்கு ஆக்சிஜன் தேவை, திண்மங்கள், எண்ணெய் முதலியவற்றில் வரம்பு விதிக்கின்றன. கோலிபார்முக்கு வரம்பு விதிக்கவில்லை. நாம் மேலே குறித்த 400 என்னும் எண் தேசிய வரையறைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் ஆண்டுதோறும் வெளியாகும் குறியெண்ணில் அது நுழைவதில்லை.

இதைச் சூழ்ச்சி என்று நாம் கருதவில்லை. தொழிற்சாலைக் கழிவையும் மீன்வளத்தையும் மனத்தில் கொண்டு அமைந்த குறியெண்களில் ஆக்சிஜன் முதலிடம் பெறுவது இயல்பு. எமது முறையீடு சொல்லைப் பற்றியது. ஆற்றில் காற்றைச் செலுத்தினால் ஆக்சிஜன் கூடும், குறியெண் ஏறும், மலக்கோலிபார்ம் அப்படியே இருக்கக்கூடும். அந்த நீரைத் தூயது என்று மொழிபெயர்த்து நாளேட்டில் அச்சிட்டால், படிக்கும் தாய் தன் பிள்ளை அதில் கால்நனைப்பதைத் தடுப்பாளா? தமிழில் தூய்மை என்பது உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் சொல். ஆறு அளவைகளின் கூட்டுத்தொகைக்கு அதைக் கொடுத்தது மொழிபெயர்ப்பாளர் செய்த பிழை. அவர்களுள் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். முன்னர் ஒரு சொற்பட்டியலில் அவ்வாறே எழுதி ஒப்பமிட்டோம். 'உயர்தரம்' என்று எழுதியிருந்தால் தாழ்வில்லை.

2009 ஆகஸ்ட் 8 அன்று பினாங்கு மக்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மண்ணுருண்டைகளை நீர்நிலைகளில் எறிந்தனர். களிமண்ணும் தவிடும் 'பயன்தரு நுண்ணுயிரிகளும்' கலந்து பிடித்த உருண்டைகள் அவை. சப்பானியப் பேராசிரியர் தெருவோ ஹிகாவின் முறை. பள்ளிப்பிள்ளைகள் ஆர்வத்தோடு உருட்டினர். நுண்ணுயிரியால் நுண்ணுயிரியை வெல்லலாம் என்னும் எண்ணம் கவர்ச்சியானது. ஆனால் குழாய் வழியே நாள்தோறும் வரும் கழிவை நிறுத்தாமல் உருண்டையை எறிவதால் ஆறு தேறும் என்று நாம் நம்பவில்லை. பழைய கடைவீடுகளில் கழிப்பறைக் குழாய் கழிவுநீர்த் தடத்தில் சேர்ந்திருக்கும். சமையலறை, குளியலறை நீரும் சந்தைகள், உணவங்காடிகள் கழுவிய நீரும் தெருவோர லோங்காங் வழியே ஆற்றுக்கே போகும். மீன் கழுவிய நீரும் குழந்தையின் துணி அலசிய நீரும் அதில் உண்டு. பிள்ளைகள் உருட்டிய உருண்டை அவ்விடத்தை எட்டாது. அந்நாள் பயனற்றது என்றும் சொல்லோம்; ஆற்றைக் காண அத்தனை பேர் வந்தனர்.

பிராங்கின் கால்வாய் இதற்கு மாறான காட்சி. சியா போய் நகர்த் தொல்லியல் பூங்கா 2019-இல் திறக்கப்பட்டபின், மறைந்து கிடந்த அக்கால்வாயின் ஒரு துண்டு மீண்டும் வெளிச்சம் கண்டது. மீன்கள் நீந்துவதைக் கண்டு வருவோர் மகிழ்கின்றனர். நாமும் மகிழ்ந்தோம். மீன் இருப்பது ஆக்சிஜன் இருப்பதற்குச் சான்று. கோலிபார்ம் இல்லாமைக்குச் சான்றாகாது என்பதை மட்டும் உடன்வந்த மாணவர்க்குச் சொல்லிவைத்தோம்.

ஆறு தன்னைப் பிளந்தவரை ஒருநாள் தேடி வந்தது. 2017 நவம்பர் 4-ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழையில் ஜோர்ஜ்டவுனின் பெரும்பகுதி மூழ்கியது. மாநிலத்தில் எழுவர் உயிரிழந்தனர். ஆற்றையொட்டிய தாழ்நிலக் குடியிருப்புகளில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி, அரிசிப்பானையிலும் மெத்தையிலும் பூசையறையிலும் நின்றது. செய்திகள் வெள்ளத்தின் உயரத்தை அடியில் சொல்லின. அந்த நீர் எத்தகையது என்று பெரும்பாலும் பேசப்படவில்லை. மலக்குழித் தொட்டிகளும் வடிகால்களும் ஆறும் ஒன்றாகிவிட்ட நீர் அது. லோங்காங் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கியது கட்டிலருகே வந்து நின்றது. வடிந்தபின் மறுநாள் வெறுங்காலோடு சேறு வாரிய பிள்ளைகளைப் பலர் கண்டோம். எலிக்காய்ச்சல் கிருமி காலின் சிறு கீறல் வழியே புகும் என்பதை அப்பிள்ளைகட்குச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

இறுதியாக, பள்ளிகளில் இச்சோதனையைச் செய்து காட்ட விரும்பும் அறிவியல் ஆசிரியர்க்கு ஒரு செய்தி. நீரை எடுக்கும்போது கையுறை அணிக. பாலத்திலிருந்து கயிற்றில் வாளி இறக்கி எடுப்பதே நலம். மாணவரைக் கரையில் இறக்கற்க. நீரைப் பனிக்கட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சோதிக்க. ஆயர் ஈத்தாம் அணைக்கு மேலிருந்து ஒன்றும், யோர்க் சாலைப் பாலத்தில் ஒன்றும், கழிமுகத்தில் ஒன்றும் ஆக மூன்று மாதிரிகள் போதும். அடுத்தடுத்து வைத்த மூன்று தட்டுகளில் ஒரே ஆற்றின் மூன்று நிலைகளை மாணவர் தாமே எண்ணிப் பார்ப்பர். வளர்ந்த தட்டுகளைத் திறவாமல், அழுத்தக் கொதிகலனில் 121 பாகை நீராவியில் 15 நிமிடம் வைத்து அழித்த பின்னரே அப்புறப்படுத்துக. டோபி காட்டின் முதியவர் தம் வெள்ளாவிப் பானையை விளக்கியபோது, துணியை ஆவியில் வைத்தால் அழுக்கோடு 'நோவும்' போய்விடும் என்றார். அழுத்தமில்லாத ஆவி 100 பாகையைத் தாண்டாது; பெரும்பாலான கிருமிகளுக்கு அது போதும், வித்துறை கொண்டவற்றுக்குப் போதாது. அதனால்தான் பள்ளிக்குக் கொதிகலன் வேண்டும்.